லிட்டருக்கு நாற்பது மில்லி

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்கு எதிரே படகுச் சாமான் கடை வைத்திருக்கும் சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சிக்கு இந்த உலகத்தில் இரண்டு விஷயங்கள் ரொம்ப முக்கியம். ஒன்று, அவருடைய ராஜ்தூத் 350 மோட்டார் சைக்கிள். இன்னொன்று, சுந்தர்சிங்கின் யெஸ்டி மட்டமான வண்டி என்பது. இந்தச் சுந்தர்சிங் வேறு யாருமில்லை, பெருமாளின் முப்பது வருஷத்துச் சிநேகிதர்தான். துறைமுக ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் பார்க்காவிட்டால் இருவருக்கும் சோறு இறங்காது. பார்த்துவிட்டாலோ சண்டைதான்.

"அதெல்லாம் ஒரு வண்டியா வே? இருக்கது ஒரு சிலிண்டர், அதுக்கு ரெண்டு சைலன்சர். ஒண்டிக்கட்டைக்கு ரெண்டு கட்டில் எதுக்குன்னு கேக்கேன்" என்பார் பெருமாள்.

"உமக்கு ரெண்டு சிலிண்டர் இருந்து என்னத்தக் கண்டீரு? உம்ம வண்டி வாரதப் பாத்தாலே பங்க்காரன் எந்திரிச்சு நின்னு கும்பிடுதான். பிரேக்க இங்கன பிடிச்சா அடுத்த தெருவுலதான் நிக்கும்" என்பார் சுந்தர்சிங்.

இரண்டு வண்டிகளும் பெட்ரோல் விலை கேட்டு யாரும் மயங்கி விழாத காலத்தில் பிறந்தவை. யெஸ்டி, செக்கோஸ்லோவாக்கியாக்காரன் வரைந்து கொடுத்து மைசூரில் செய்தது. 350, ஜப்பான்காரன் மூளையில் உதித்து வடக்கே பூட்டி முடுக்கியது. வேலைப்பாடு, சத்தம், ஓட்டம் எல்லாமே வேறு. ஆனால் இரண்டும் டூ ஸ்ட்ரோக். அந்த வகை இன்ஜினுக்குப் பெட்ரோலோடு எண்ணெயும் சேர்ந்து உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் பிஸ்டன் காய்ந்து, சிலிண்டரைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். 350-இல் எண்ணெய்க்குத் தனி டாங்க் உண்டு, ஒரு சின்ன பம்ப் தானே அளவு பார்த்து அனுப்பிவிடும். யெஸ்டியில் அந்தச் சொகுசு கிடையாது. பெட்ரோல் போடும்போதெல்லாம் ஓட்டுகிறவன் தன் கையால் எண்ணெய் ஊற்றிக் கலக்க வேண்டும், லிட்டருக்கு நாற்பது மில்லி.

இதை வைத்தே எத்தனையோ சாயங்காலங்கள் கழிந்திருக்கின்றன.

"ஜப்பான்காரன் விவரமானவன் வே. மனுசப்பய மறப்பான்னு தெரிஞ்சு, எண்ணெய் ஊத்துத வேலைய வண்டிக்கிட்டயே குடுத்துட்டான்" என்று பெருமாள் ஆரம்பிப்பார்.

"மனுசன நம்பாதவன் செஞ்சது ஒரு வண்டியா? இவன் மறக்கமாட்டான், இவன் பாத்துக்கிடுவான்னு நம்பிக் குடுத்தாம்பாரும், அவன் பெரியவன்" என்று சுந்தர்சிங் முடிப்பார். முடிப்பார் என்று சொல்வது ஒரு பேச்சுக்குத்தான். அது முடிந்ததே இல்லை.

இந்தக் கூத்துக்கு ஒரு முடிவு கட்டப் பார்த்தவர் சுந்தர்சிங்கின் மனைவி ஜெயஷீலா. முப்பத்து மூன்று வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவர், வளவளப்பு பிடிக்காது. "ஒரு வாரம் வண்டிய மாத்தி ஓட்டுங்க. எட்டாம் நாள் அடுத்தவுக வண்டில இருக்க ஒரே ஒரு நல்லத உண்மையாச் சொல்லணும். சொல்ல முடியாட்டா இனிமே என் வீட்டு வாசல்ல இந்தப் பேச்சே வரப்பிடாது" என்றார். டாங்க் நிறையக் கொடுத்து, டாங்க் நிறையத் திருப்ப வேண்டும் என்பது மட்டும் ஒப்பந்தம்.

மாற்றிக்கொண்ட அன்று சுந்தர்சிங், யெஸ்டியில் கலக்குகிற டூ-டி எண்ணெய் அரை லிட்டர் பாட்டில் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார். அதன் மேல் கறுப்பு மார்க்கர் பேனாவால் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: 'யெஸ்டிக்கு. மறக்காதேயும்.' பெருமாளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "நான் இந்தக் கடற்கரை பூராவுக்கும் டூ-டி விக்கவன். எனக்கே எழுதிக் காட்டுதீராக்கும்" என்று வாங்கி, கடையில் தன் நாற்காலிக்குப் பின்னால் அலமாரியில் வைத்தார். வைத்தவர் அதோடு அதை மறந்தும் போனார்.

அந்த வாரம் பெருமாள் பட்ட பாடு கொஞ்சமில்லை. அவர் கால் வலது பக்கம் கிக்கரைத் தேடும். யெஸ்டிக்கு அது இடது பக்கம் இருக்கிறது. அதே கம்பியை மடக்கித் திருப்பினால் அதுதான் கியர். மீன் ஏலம் நடக்கிற இடத்தில் வைத்து அவர் இல்லாத கிக்கரை மூன்று தடவை உதைத்ததைப் பார்த்து மீன்காரப் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள். ஆனால் நாலாம் நாள் சாயங்காலம், பீச் ரோட்டில் காற்று முகத்தில் அடிக்க, யெஸ்டி அவசரமே இல்லாமல் டுக்கு டுக்கென்று போனபோது, அவருக்கு அது பிடித்துப் போயிற்று. இதை அவர் வெளியே மூச்சு விடவில்லை.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்கிற நேரம் பங்க்கில் நிறுத்தி டாங்கை நிரப்பச் சொன்னார். பதினோரு லிட்டர் பிடித்தது. நேரே மில்லர்புரத்தில் சுந்தர்சிங் வீட்டுக்குப் போய் வண்டியை விட்டுவிட்டு, தன் 350-ஐ ஆசையாக உதைத்துக் கிளப்பிக்கொண்டு வந்தார். "நாளைக்கு எங்க ஊர்க் கோயில்ல அசனம். நானும் டீச்சரும் காலையில யெஸ்டிலயே போறோம். ராத்திரி வந்து தீர்ப்பச் சொல்லுதேன்" என்று பின்னாலிருந்து சுந்தர்சிங் சத்தம் கொடுத்தார். நாசரேத்துக்குப் பக்கம் அவருடைய ஊர். வருஷத்துக்கு ஒருநாள் ஊரே சர்ச்சில் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிற அந்த அசனத்தை அவர் ஒரு வருஷமும் விட்டதில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மரியான் கடைக்கு வந்தான். நாட்டுப்படகில் அவுட்போர்டு மோட்டார் வைத்துத் தொழில் பார்க்கிறவன்.

"அண்ணாச்சி, டூ-டி ஒரு லிட்டர் குடுங்க. நேத்து கலக்காம ஊத்திட்டான் எங்க ஆளு ஒருத்தன். நல்லவேள, கரையிலயே பாத்துட்டேன். நடுக்கடல்ல இன்ஜின் பிடிச்சிருந்தா எங்க கதி என்ன?"

"அப்படி ஒரு கோட்டிக்காரப்பய இருப்பானாவே" என்று சொல்லிக்கொண்டே பெருமாள் பின்னால் திரும்பி அலமாரியில் கையை விட்டார். கைக்கு முதலில் அகப்பட்டது அந்தப் பாட்டில்தான். 'யெஸ்டிக்கு. மறக்காதேயும்.' மூடியின் சீல் உடைக்கப்படாமல் அப்படியே இருந்தது.

நேற்றுச் சாயங்காலம் பங்க்கில் பிடித்தது பெருமாளுக்கு நினைவு வந்தது. பதினோரு லிட்டர். சொட்டு எண்ணெய் இல்லாத பதினோரு லிட்டர் பச்சைப் பெட்ரோல். டாங்க் அடியில் மிச்சம் கிடந்த பழைய கலவையும், இன்ஜினுக்குள் ஒட்டியிருந்த ஈரமும் பங்க்கிலிருந்து மில்லர்புரம் வரைக்கும் தாங்கிவிட்டன. நாசரேத் வரைக்கும் தாங்காது. அதுவும் இரண்டு பேர் பாரத்தோடு, வெயில் ஏற ஏற, நல்ல ரோட்டில் முறுக்கிப் போகும்போது பிஸ்டன் கவ்விக்கொண்டால், பின்சக்கரம் அந்த நொடியே அப்படியே நின்றுவிடும். முப்பது வருஷத்துக்கு முன்னால் முள்ளக்காட்டு ரோட்டில் ஒருத்தர் அப்படித் தூக்கி எறியப்பட்டதைப் பெருமாளும் சுந்தர்சிங்கும் சேர்ந்தே பார்த்திருக்கிறார்கள். இடுப்பு ஒடிந்து ஆறு மாதம் கிடந்தார் அந்த மனுஷன். அந்தக் காலத்தில் அந்த ரோட்டில் இவ்வளவு கண்டெய்னர் லாரிகூடக் கிடையாது.

போனை எடுத்தார். சுந்தர்சிங் நம்பர் அடித்து அடித்து ஓய்ந்தது. ஜெயஷீலா நம்பரும் அப்படித்தான். இந்நேரம் கிளம்பியிருப்பார்கள், யெஸ்டி சத்தத்தில் கைப்பைக்குள் கிடக்கிற போன் யார் காதில் விழும்?

சத்தம் கேட்டு மாடியிலிருந்து அவர் மனைவி செண்பகம் இறங்கி வந்தாள். "என்ன, முகம் இப்படி வெளிறிக் கெடக்கு?"

"ஒண்ணுமில்ல" என்றார். நாக்கில் முதலில் வந்தது அதுதான். எண்ணெய்க் கடைக்காரன் எண்ணெய் ஊற்ற மறந்தான் என்று ஊரே சிரிக்குமே என்கிற நினைப்பு ஒரு கணம் ஓடியது உண்மை. அடுத்த கணம் அந்த நினைப்பு வந்ததற்காகத் தன்னையே செருப்பால் அடிக்கலாம் போலிருந்தது. "நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன் செண்பகம். சுந்தர்சிங் வண்டில எண்ணெய் ஊத்தாமக் குடுத்துட்டேன். ரெண்டு பேரும் அதுலதான் போயிருக்காக."

"பொறவு இங்கன நின்னு என்ன கதை சொல்லிட்டு இருக்கீக? போங்க" என்றாள் செண்பகம். "நானும் ரெண்டு நம்பருக்கும் மாத்தி மாத்தி அடிக்கேன்."

"மரியான், கடையப் பாத்துக்கடே" என்று சொன்னது மட்டும் பெருமாளுக்கு நினைவிருக்கிறது. பாட்டிலைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு 350-ஐ உதைத்தார். முதல் உதையில் கிளம்பியது. கூடவே பின்னாலிருந்து வெள்ளை வெளேரென்று புகை கிளம்பியது. நேற்று இருட்டில் அதை அவர் கவனித்திருக்கவில்லை.

புகையென்றால் உங்கள் வீட்டுப் புகை எங்கள் வீட்டுப் புகை இல்லை. கொசு மருந்து அடிக்கிற வண்டி போல பீச் ரோட்டையே மூடிக்கொண்டு போயிற்று. மாதா கோயில் முன்னால் நின்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். ரோச் பூங்கா தாண்டும்போது ஆட்டோக்காரன் ஒருத்தன் தலையை நீட்டி, "அண்ணாச்சி, வண்டி தீப்பிடிச்சிருக்கு" என்றான். "சவத்து மூதி, ஒரு வாரத்துல என் வண்டிய என்ன பாடு படுத்தி வச்சிருக்கான் பாரு" என்று சுந்தர்சிங்கைத் திட்டினார் பெருமாள். திட்டிய வாய் மூடுமுன்னே, "ஆண்டவனே, அவன் நல்லாயிருக்கணும்" என்றும் அதே வாய் சொன்னது.

துறைமுகத்துக்குத் திரும்புகிற இடத்தில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு லாரியைத் தாண்டும்போதும் அதன் முன்சக்கரத்துக்கு அடியில் கண் போனது. அங்கே வெள்ளைச் சேலை ஏதும் தெரிகிறதா என்றுதான் பார்க்கிறோம் என்பது அவருக்குப் பிறகுதான் உறைத்தது. ஜெயஷீலா கோயிலுக்கென்றால் வெள்ளைச் சேலைதான் கட்டுவார். பெருமாளின் மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துப் பாஸ் பண்ண வைத்த மகராசி. ஒரு பைசா வாங்கவில்லை. அவருக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் எந்த முகத்தோடு அந்த வீட்டுப் படியேறுவது?

முள்ளக்காடு தாண்டி உப்பளம் ஆரம்பிக்கும் இடத்தில் வண்டி இருமியது. ஒரு சிலிண்டர் நின்றுபோய் மற்றது மட்டும் பொட்டுப் பொட்டென்று அடித்தது. பழையகாயலுக்கு ஒரு மைல் இருக்கையில் அதுவும் அடங்கிவிட்டது. இரண்டு பக்கமும் உப்புக் குவியல். நிழலுக்கு ஒரு செடி இல்லை.

சீட்டுக்கு அடியிலிருந்து ஸ்பானரை எடுத்து இரண்டு பிளக்கையும் கழற்றினார். குளிப்பாட்டி எடுத்தாற்போல எண்ணெய் வடிந்தது. சந்தேகம் வந்து டாங்கைத் திறந்து மோந்து பார்த்தார். டூ-டி வாடை குப்பென்று அடித்தது.

பெருமாளுக்கு அப்போதுதான் விளங்கியது. வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் முன் சுந்தர்சிங் பெட்ரோல் நிரப்பியிருக்கிறான். நிரப்பியவன், கைப்பழக்கத்தில் லிட்டருக்கு நாற்பது மில்லி வீதம் எண்ணெயையும் ஊற்றிக் கலக்கியிருக்கிறான். இங்கே பம்ப் ஒருபக்கம் எண்ணெய் அனுப்ப, பெட்ரோலோடு ஒருபக்கம் எண்ணெய் வர, இன்ஜின் எண்ணெயிலேயே மூழ்கிவிட்டது. தன் வண்டிக்குப் பழகிய கை இன்னொருத்தன் வண்டியிலும் அதையேதான் செய்யும். பெருமாளின் கை ஊற்றாமல் விட்டதும் அதே பழக்கத்தில்தான். வேறு நாளாக இருந்தால் இதை வைத்தே ஒரு வருஷம் ஓட்டியிருப்பார். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

உப்பளத்திலிருந்து ஒரு பெண் தலைத்துணியை அவிழ்த்தபடி ரோட்டுக்கு ஏறி வந்தாள். அங்கே வேலை பார்க்கும் பேச்சிச்செல்வி. "சாம்பிராணி போட்டுக்கிட்டு வந்தீகளே, வண்டி நின்னுட்டா?"

"எம்மா, இந்த வழியா ஒரு பழைய மோட்டார் சைக்கிள் போச்சா? புருசன் பொஞ்சாதி. அவுக வெள்ளச் சேல கட்டியிருப்பாக."

"போனாக போனாக. அரை மணிக்கு மேல இருக்கும்" என்றவள், துணியை அவரிடம் நீட்டினாள். "அந்தத் தகரத்த இதுல தொடைங்க, வேட்டிய நாறடிச்சுக்கிடாம. முக்காணிப் பாலத்துக்கிட்ட என்னவோ வண்டி விழுந்து கெடக்குன்னு இப்பத்தான் பஸ்சுல வந்த புள்ள சொல்லுதா. யாரு பெத்த புள்ளையோ."

பெருமாள் பிளக்கைத் துடைக்கவில்லை, தேய்த்தார். விரலில் தோல் உரிந்தது. திரும்பப் பூட்டி உதைத்தார். ஒன்று, இரண்டு, ஏழு. எட்டாவது உதையில் ஒரு சிலிண்டரும், அரை பர்லாங் தள்ளி இன்னொன்றும் உயிர் பெற்றன. திருப்பிக் கொடுக்க மறந்துபோன பேச்சிச்செல்வியின் துணி அவர் தோளிலேயே கிடந்தது.

இனிமேல் முறுக்கத்தான் வேண்டும், மெதுவாகப் போனால் பிளக் மறுபடி நனையும் என்பது தெரியும். அந்த வயதில் போகக் கூடாத வேகத்தில் போனார். போகிற வழியெல்லாம் திருச்செந்தூர் முருகனை விடவில்லை. பனிமய மாதாவையும் கூப்பிட்டார். சுந்தர்சிங்கின் ஆண்டவரிடம் எப்படிப் பேசுவதென்று தெரியாததால், "ஐயா, உம்ம ஆளு, நீரே பாத்துக்கிடும்" என்றார்.

பாலத்துக்கு முன்னால் கூட்டம். வண்டியை அப்படியே சாய்த்துவிட்டு ஓடினார். ஆள்களை விலக்கிக்கொண்டு உள்ளே புகுந்தார்.

ரோட்டில் கிடந்தது ஒரு மொபெட். சுற்றிலும் வாழையிலைக் கட்டுகள் அவிழ்ந்து சிதறியிருந்தன. அதன் சொந்தக்காரர் முழங்காலில் சிராய்ப்போடு பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தார். வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. வெள்ளைச் சேலை இல்லை. யெஸ்டி இல்லை.

பெருமாள் சத்தமாகச் சிரித்துவிட்டார்.

"ஏன்வே, மனுசன் விழுந்து கெடக்கேன், உமக்கு இளிப்பா இருக்கா?" என்றார் வாழையிலைக்காரர்.

"கோவிச்சுக்கிடாதேயும் அண்ணாச்சி. நீரு நீரா இருந்ததுல எனக்கு அம்புட்டுச் சந்தோசம்" என்று அவர் கையைப் பிடித்துக் கும்பிட்டுவிட்டு, கீழே கிடந்த இரண்டு கட்டுகளை எடுத்து அடுக்கிக் கொடுத்துவிட்டு ஓடினார். இவனுக்கு மூளை கலங்கியிருக்கு என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். இருக்கட்டும்.

ஆத்தூர் கடைத்தெருவில் ஒரு கருப்பட்டிக் காப்பிக் கடை. அதன் முன்னால் யெஸ்டி, ஸ்டாண்டு போட்டு, கழுவித் துடைத்து, கல்யாண மாப்பிள்ளை போல நின்றது. பெஞ்சில் ஜெயஷீலா டம்ளரை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். இரண்டு போனும் கிடந்த கைப்பை யெஸ்டியிலேயே தொங்கியது, கடைத்தெரு இரைச்சலில் யாரும் கவனிக்கவில்லை. சுந்தர்சிங் கடைக்காரரிடம் எதையோ கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். அனேகமாக வண்டியைப் பற்றித்தான் இருக்கும்.

பெருமாள் பிரேக்கைப் பிடித்தார். 350 காப்பிக் கடையைத் தாண்டி, அடுத்த வெற்றிலைக் கடையையும் தாண்டித்தான் நின்றது. புகை பின்னாலேயே வந்து கடைத்தெருவை மூடியது. அந்தப் புகைக்குள்ளிருந்து தோளில் பெண்கள் தலைத்துணியும் கை நிறைய எண்ணெயுமாக ஒரு ஆள் ஓடி வருவதைப் பார்த்துச் சுந்தர்சிங் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏலே சுந்தர்சிங், வண்டிய எடுத்திராதலே" என்றார் பெருமாள். 'நீரு', 'வே' எல்லாம் எங்கேயோ போய்விட்டிருந்தது. சட்டைக்குள்ளிருந்து பாட்டிலை உருவி நீட்டினார். "நான் எண்ணெய் ஊத்தல. மறந்துட்டேன். பதினோரு லிட்டரும் வெறும் பெட்ரோல். இது என் தப்புலே. முழுக்க முழுக்க என் தப்பு."

சொல்லி முடித்ததும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. வருவது தெரிந்தும் துடைக்கவில்லை.

சுந்தர்சிங் பாட்டிலை வாங்கி, உடையாத சீலைப் பார்த்தார். பார்த்துவிட்டு யெஸ்டியின் பெட்ரோல் மூடியைத் திறந்தார். "இங்கன வாரும். விரல விட்டுப் பாரும்."

பெருமாள் எழுந்து போய் விரலை உள்ளே விட்டார். எடுத்துக் கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தார். வழுக்கியது. எண்ணெய் வழுவழுப்பு. இன்னொரு தரம் தேய்த்துப் பார்த்தார். அதேதான்.

"முப்பத்து நாலு வருசமா வண்டி எடுக்கதுக்கு முன்ன விரல விட்டுப் பாக்காம நான் கிக்கர் மிதிச்சதில்ல. காலையில விட்டுப் பாத்தேன், தண்ணி மாதிரி இருந்துச்சு. வீட்டுல இருந்த எண்ணெய ஊத்தி, வண்டிய இப்படியும் அப்படியும் ஆட்டிக் கலக்கிட்டுத்தான் எடுத்தேன்."

"அடப்பாவி. ஒரு போன் போட்டுச் சொன்னா என்னவே?"

"எதுக்குச் சொல்லணும்? ராத்திரி வந்து, செண்பகம் தங்கச்சி முன்னால, மரியான் முன்னால, துறைமுகமே கூடி நிக்கும்போது சொல்லணும்னு பத்திரமா வச்சிருந்தேன். நீரு முந்திக்கிட்டு வந்து அழுது காரியத்தக் கெடுத்துட்டீரு."

பெருமாளுக்கு இப்போது உடம்பெல்லாம் லேசாயிற்று. மூச்சு அடிவயிறு வரைக்கும் போய் வந்தது. உயிர் திரும்பியதும் வாயும் திரும்பிவிட்டது. "நீரு மட்டும் பெரிய இவரா? என் டாங்குல என்னத்த ஊத்தி வச்சிருக்கீரு? எனக்குத்தான் பம்பு இருக்கே, ஒரு வாரம் ஓட்டினீரே, தெரியாது? தூத்துக்குடியில இருந்து ஆத்தூர் வர அம்புட்டுப் பேரும் இருமிக்கிட்டு இருக்கான்."

சுந்தர்சிங் 350-ஐப் பார்த்தார். இன்னும் கலையாத புகையைப் பார்த்தார். மெல்ல நெற்றியில் அடித்துக்கொண்டார். காப்பிக் கடைக்காரர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள்.

"ஊத்திட்டேனாவே?"

"ஊத்திட்டீரு."

"ஆனாலும் ஒண்ணு பாத்துக்கிடும். நான் மறந்தா புகைதான் வரும். நீரு மறந்தா ஆளே போயிருவான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் பெருமாளின் சிரிப்பு பாதியில் நின்றது. ஜெயஷீலா டம்ளரை வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தார்.

"மிச்சத்தையும் சொல்லுங்க" என்றார்.

"மிச்சம் என்ன இருக்கு?"

"நீங்க சொல்லாட்டா நான் சொல்லுதேன். தம்பி, காலையில விரல வெளிய எடுத்தவுக கோவப்படல. அப்படியே படியில உக்காந்துட்டாக. எனக்குக் கை கால் ஓடல, நெஞ்சு வலியோன்னு நெனச்சேன். கேட்டா, 'நான் குடுத்த பெட்ரோல் வார நடுவுல தீந்திருந்தா அவன் இப்படித்தான போட்டுட்டு ஓட்டியிருப்பான், இந்நேரம் எங்கயாவது லாரிக்கு அடியிலல்லா கெடந்திருப்பான்'னு அழுதாக. உங்களுக்குப் போன் போடப் போனாக. குரல் நடுங்குதுன்னு போடல. அதுதான் நிசம். ராத்திரிக்கு வச்சிருந்தேங்கிறதெல்லாம் பொய்."

சுந்தர்சிங் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார். யெஸ்டியின் மூடியைத் திருகினார். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

"ஒரு காப்பி சொல்லும் வே" என்றார் பெருமாள். "தொண்டை பூரா புகை."

காப்பி வந்தது. அதற்குள் கடையிலிருந்து மரியான் போன் செய்தான். "அண்ணாச்சி, மூணு சுருள் கயிறு வித்துருக்கேன், வெல எல்லாம் நானே போட்டுட்டேன். நீங்க எப்ப வருவீக? நான் கடலுக்குப் போவ வேண்டாமா?" என்றான். செண்பகம் அவனிடமிருந்து போனைப் பிடுங்கி, "அண்ணன் நல்லாயிருக்காகளா?" என்று மட்டும் கேட்டாள். நல்லாயிருக்கான் என்று பெருமாள் சொன்னதும் அந்தப் பக்கம் பெரிய மூச்சு ஒன்று கேட்டது. "அப்ப இருந்து சாப்பிட்டுட்டே வாங்க. கடைய நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

எண்ணெய் கலந்த பெட்ரோலை 350-இலிருந்து வேண்டிய மட்டும் இறக்கி, வெறும் பெட்ரோலை ஊற்றி, இரண்டு வண்டிகளும் சேர்ந்து போயின. கோயில் வளாகத்தில் நீளநீளமாகப் பாய் விரித்து, இலை போட்டு, ஆட்டுக்கறிக் குழம்பு மணத்துக்கொண்டிருந்தது. சுந்தர்சிங்குக்கும் ஜெயஷீலாவுக்கும் நடுவில் பெருமாளை உட்கார வைத்தார்கள். எவ்வளவு சோப்புப் போட்டும் கையில் டூ-டி வாடை போகவில்லை. ஜெபம் முடிகிற வரைக்கும் கண்ணை மூடியிருந்தார். காலையில் ரோட்டில் வைத்து 'நீரே பாத்துக்கிடும்' என்று யாரிடம் சொன்னாரோ அவரிடம் இப்போது 'ரொம்பத் தேங்க்ஸ்' என்று மட்டும் சொன்னார்.

"எட்டாம் நாள்" என்று நினைவுபடுத்தினார் ஜெயஷீலா. "ரெண்டு பேரும் இன்னும் தீர்ப்புச் சொல்லல."

சுந்தர்சிங் கறித் துண்டு ஒன்றை எடுத்துப் பெருமாளின் இலையில் வைத்தார். "350-ல ஒரு நல்லது உண்டு. அது ஒருத்தன மன்னிக்கும். ஊத்தாட்டாலும் மன்னிக்கும், கூட ஊத்தினாலும் மன்னிக்கும். இருமிக்கிட்டே வந்து சேந்துரும்."

எல்லோரும் பெருமாளைப் பார்த்தார்கள். முப்பது வருஷமாக யெஸ்டியைப் பற்றி அந்த வாயிலிருந்து ஒரு நல்ல சொல் விழுந்ததில்லை. அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பீச் ரோட்டுக் காற்றைப் பற்றிச் சொல்லலாம். அந்தச் சத்தத்தைப் பற்றியும் சொல்லலாம்.

"அது உம்மள தெனமும் விரல விட்டுப் பாக்க வச்சிருக்குலா" என்றார் கடைசியில். "அதனாலதான் இன்னைக்கு என் பக்கத்துல உக்காந்து சாப்பிடுதீரு. அந்த ஒண்ணு போதும் வே."

சுந்தர்சிங் குழம்பு வாளியோடு வந்தவரைக் கூப்பிட்டு, பெருமாளின் இலையைக் காட்டினார்.